ஆம்பளை மருந்து

பையை இப்படிக் குடு கண்ணு, நான் மடியில வெச்சுக்கறேன். இந்தப் பஸ்ஸு திருச்செங்கோடு போய்ச் சேர்ற வரைக்கும் இப்படித்தான், பள்ளிபாளையத்துல இன்னும் ஒரு கூட்டம் ஏறும். நல்லாச் சாஞ்சு உக்காரு. பையில இருக்கற பேரைப் பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு எனக்கு, நீயும் புள்ளை வேணும்னு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டுப் போற. அட, எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கற? இதுல வெக்கப்படறதுக்கு என்ன இருக்குது? அங்க உக்காந்திருக்கறவங்க பாதிப் பேரு நம்ம பக்கத்து ஆளுங்கதான். நானும் ரெண்டு வருசமா அந்த நாற்காலியத் தேச்சவதான். எனக்கில்ல, எம்மருமகளுக்கு.

சுகந்தின்னு பேரு. நல்ல புள்ள, பொய் சொல்லக் கூடாது. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா. டீச்சர் வேலை பாத்துக்கிட்டு இருந்தா, ஊசி போட ஆரம்பிச்சதுல இருந்து அதையும் விட்டுட்டா. எம்பையன் பூபதி லாரி பாடி கட்டற பட்டறையில இருக்கறான். ஒத்தப் பையன். அவன் பத்தாவது படிக்கறப்பவே அவிங்கப்பா போய்ச் சேந்துட்டாரு. அதுல இருந்து அவனுக்கு நானு, எனக்கு அவன். கல்யாணம் ஆயி ஏழு வருசம் ஆச்சு. உனக்கு? நாலா? நாலெல்லாம் ஒண்ணுமே இல்ல, போ.

மொதல்ல மலைக்குத்தான் போனோம். எங்க ஊரு சாமி பாதி ஆம்பளை, பாதி பொம்பளை. புருசன் பொண்டாட்டிக்கு அதுக்கு மேல என்ன சாமி வேணும்? உச்சியில புள்ளை இல்லாதவங்க சுத்தி வர்ற வறடிக்கல்லு இருக்குது, காலு வழுக்குனா அவ்வளவுதான். அதையும் சுத்தி வந்துட்டா சுகந்தி. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னேன். அப்பறந்தான் ஈரோட்டுக்கு வந்தது.

டாக்டரம்மா ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, இவளுக்கு உள்ள முட்டை இருப்பே கம்மின்னுட்டாங்க. வயசு முப்பத்தி மூணு, ஆனா நாப்பத்தஞ்சு வயசுக்காரிக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்குதாம். எம்பையனுக்கும் பாத்தாங்க. அவனுக்கும் உயிரணு கொஞ்சம் கம்மிதான், ஆனா நம்ம வைத்தியத்துக்கு அது போதும்னாங்க. போதும்னா என்ன அர்த்தம்? கம்மின்னா கம்மிதானே. அதுக்கு ஒரு நல்ல மருந்து எழுதிக் குடுத்தாங்களா? இல்ல. ஒரு சத்து மாத்திரை, அவ்வளவுதான். ஊசி, மாத்திரை, ஸ்கேன், எல்லாக் கவனிப்பும் அவளுக்குத்தான். எம்பையன் சும்மா பையைத் தூக்கிக்கிட்டு அவ பின்னால நடப்பான். எனக்கு அதைப் பாக்கறப்ப வயிறு எரியும்.

மொத தடவை ஊசி போட்டு எடுத்தாங்க. ஒரே ஒரு முட்டை வந்துச்சு. அதுவும் கருவாகல. சுகந்தி பாத்ரூம்ல பைப்பைத் தொறந்து விட்டுட்டு அழுவா, வெளிய கேக்கக் கூடாதுன்னு. டேங்க்குத் தண்ணி பூராப் போகுதேன்னு நான் கதவைத் தட்டுவேன். உடனே நிறுத்திருவா. சொன்னேனே, நல்ல புள்ளன்னு.

ரெண்டாந்தடவைக்கு முன்னாலதான் அந்தப் பம்பு டப்பா வந்துச்சு. ஒரு அமுக்கு அமுக்குனா ஜெல்லாட்டம் வரும், தண்ணி நிறம், ஸ்பிரிட் வாசம் அடிக்கும். ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னால கொஞ்ச காலம் தெனமும் தொடையில தடவணும். சிலருக்கு இது உதவும், முட்டை வளர்றதுக்கு நல்லதுங்கறாங்க, ஆனா உறுதி குடுக்க முடியாதுன்னாங்களாம் டாக்டரம்மா. காயற வரைக்கும் சேலை படக் கூடாது, தடவுன கையைச் சோப்புப் போட்டுக் கழுவோணும், அந்த இடம் வேற யாரு மேலயும் உரசக் கூடாதுன்னு ஆயிரம் சட்டம். இவளும் கதவைச் சாத்திக்கிட்டு அப்படியே செய்வா.

ஒரு நாளு எங்க ஊரு மருந்துக்கடையில அதையே நான் வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி சீட்டைப் பாத்துட்டு, "யாருக்குங்கக்கா, உங்க பையனுக்குங்களா?"ன்னான். மருமகளுக்குன்னேன். "அப்படிங்களா, இது ஆம்பளைங்க தடவறதுங்கக்கா. ஆம்பளை ஹார்மோன் கம்மியா இருக்கறவங்களுக்குக் குடுக்கறது"ன்னுட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாரு. எனக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆமாங்கத்தை, ஆம்பளை ஹார்மோன்தான். ஆனா எல்லாப் பொம்பளைங்க ஒடம்புலயும் அது கொஞ்சம் இருக்குதுங்க. முட்டை வளர்றதுக்கு அது வேணும். எனக்குக் கொறைஞ்சு போச்சுன்னு கொஞ்சமா வெளியில இருந்து குடுக்கறாங்க"ன்னு பாடம் நடத்தற மாதிரி எனக்குச் சொல்லிக் குடுக்கறா. பாதி ஆம்பளையா நிக்கறது மலை மேல இருக்கற சாமிக்குத் தகும். மனுசிக்குத் தகுமா? அவ தாடையில அப்பவே ரெண்டு முடி கருகருன்னு நின்னுச்சு. நான் பாத்தேன். இப்படியே போனா, பொறக்கற புள்ளைக்குப் பால் குடுக்கறதுக்கு முன்னால சவரம் பண்ணிக்க வேண்டியதுதான்.

நீயே சொல்லு கண்ணு. கம்மியா இருக்கறது எம்பையனுக்கும்தான். ஆம்பளை மருந்து வீட்டுக்குள்ள இருக்குது. ஆம்பளையும் வீட்டுக்குள்ள இருக்கறான். அதைக் கொண்டு போய் ஒரு பொம்பள தொடையில தேச்சுக்கிட்டு இருக்கறா. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? பெத்தவளாச்சே நானு.

பூபதிக்கு வலது தோளு எப்பவுமே வலி. இரும்புச் சட்டம் தூக்கறது, சுத்தியல் அடிக்கறது, தோளு என்னத்துக்கு ஆகும்? வேலைக்குப் போன நாள்ல இருந்து, பட்டறை விட்டு வந்து குளிச்சவுடனே என் முன்னால வந்து முதுகைக் காட்டி உக்காந்துருவான். நான் தைலம் போட்டு நீவி விடுவேன். கல்யாணத்துக்கு அப்பறமும் அதை அவன் மாத்திக்கல. சுகந்தி ஒரு தடவை தேய்க்கறேன்னு வந்தா, "உனக்கு அமுக்கத் தெரியாது, அம்மா தேச்சாத்தான் தூக்கம் வரும்"ன்னுட்டான். எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு குளுந்துச்சு தெரியுமா?

அதுதான் எனக்குச் சவுகரியமாப் போச்சு. அவ டப்பாவத் தெறந்து உள்ள இருந்த ஜெல்லைப் பூரா ஒரு பாட்டல்ல ஊத்தி எடுத்துக்கிட்டேன். கொரோனா சமயத்துல வாங்கிப் போட்ட சானிடைசர் வீட்டுல மிச்சம் கெடந்துச்சு. அதுவும் அதே தண்ணி நிறம், அதே ஸ்பிரிட் வாசம். அதோட பேன்சி ஸ்டோர்ல விக்கற கத்தாழை ஜெல்லைக் கலந்து, அவ டப்பாவுல ரொப்பி வெச்சுட்டேன். தோலுக்குக் கெடுதல் இல்ல பாரு, கத்தாழை குளிர்ச்சிதானே. அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. பாவம், அதையே தடவிக்கிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு இருந்தா.

எம்பையனுக்கு? தைலத்தைக் கையில ஊத்தறதுக்கு முன்னால இதை ஊத்திக்குவேன். பொம்பளைக்கே ஒரு அமுக்குன்னா, ஆம்பளைக்கு நாலாவது வேண்டாமா? நல்லா உள்ள எறங்கற மாதிரி தோளு, பொடனி, முதுகுன்னு நீவி விடுவேன். தைல வாசத்துல எது தெரியப் போகுது? பாட்டல் தீந்தா, அந்தச் சீட்டு நகலை எடுத்துக்கிட்டு வெளியூர்க் கடையில வாங்கிக்குவேன். அவன்கிட்டச் சொல்லல. சொன்னா ஒத்துக்குவானா? கம்மிங்கற வார்த்தையே அவன் காதுல விழக் கூடாது. தாய் செய்யறதெல்லாம் சொல்லிக்கிட்டா செய்வாங்க?

மருந்து வேலை செஞ்சுது கண்ணு, அதை மட்டும் சொல்லியாகோணும். ஒரு மாசத்துலயே தோளு பொடைச்சுக்கிட்டு ஆளு ஜம்முன்னு ஆயிட்டான். பட்டறையில எல்லாரும் கேட்டாங்களாம், "என்னடா பூபதி, ஜிம்முக்குப் போறயா?"ன்னு. முதுகுல கொஞ்சம் பரு வந்துச்சு. அது இரும்புச் சூடு. கோவம் கொஞ்சம் கூடிப் போச்சு. சாம்பார்ல உப்பு இல்லைன்னு ஒரு நாளு தட்டைத் தூக்கிச் செவுத்துல அடிச்சான், சுகந்தி மூஞ்சியெல்லாம் சோறு. ஆம்பளைன்னா கோவம் இருக்கத்தான் செய்யும். அவிங்கப்பா அடிக்காத தட்டா?

எனக்குத்தான் அந்த மழைக்காலத்துல தொண்டை கட்டிக்கிச்சு. இன்னைக்கு வரைக்கும் விடல. கேக்கறயல்ல, குரல் எப்படிக் கரகரங்குதுன்னு. போன்ல பேசுனா, "ஐயா, அம்மா இல்லீங்களா?"ங்கறாங்க. மேலுதட்டுலயும் பூனைமுடி கொஞ்சம் கூடிப் போச்சு. வயசாச்சுன்னா இதெல்லாம் வரத்தானே செய்யும்.

அப்பறம் ஊசியெல்லாம் போட்டு, ரெண்டாவது தடவை முட்டை எடுக்கற நாளு வந்துச்சு. மூணு பேரும் காலையிலயே போயிட்டோம். ரெண்டு வந்துச்சு கண்ணு! ரெண்டும் நல்லா முத்துன முட்டைன்னு நர்ஸம்மா வந்து சொல்லுச்சு. அவ மயக்கம் தெளிஞ்சு எங்கையைப் புடிச்சுக்கிட்டு, "அத்தை, ரெண்டுங்கத்தை, அந்த ஜெல்லு வேலை செஞ்சிருக்குதுங்க"ன்னா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. ஜெல்லாம் ஜெல்லு! அது கத்தாழையும் சானிடைசரும்னு எனக்கல்ல தெரியும். ஆம்பளை மருந்தே இல்லாம ரெண்டு முட்டை வந்துச்சே, அதுல இருந்தே தெரியலையா யாரு சொன்னது சரின்னு?

டாக்டரம்மா அவகிட்ட இன்னொண்ணும் சொல்லியிருக்காங்க. இதுக்கு மேல ஊசி போட்டாலும் வர்றது சந்தேகம், இந்த ரெண்டைத்தான் நாம நம்போணும்னு. பரவால்ல, ரெண்டு போதுமேன்னு நான் சாமியக் கும்புட்டுக்கிட்டேன்.

பூபதிகிட்ட அவனுது வாங்கிட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல நர்ஸம்மா வந்து இன்னொரு தடவை குடுக்கச் சொல்லுச்சு. அப்பறம் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உள்ள கூப்புட்டாங்க. அவ எந்திரிச்சு நிக்கவே முடியாம செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நடந்து போனா. நான் வெளிய உக்காந்திருந்தேன். வெகு நேரம் கழிச்சுத்தான் கதவு தெறந்துச்சு.

அவனுக்கு ஒண்ணுமே இல்லையாம் கண்ணு. கம்மி இல்ல. ஒண்ணுமே இல்ல. சுத்தமா.

சுகந்தி எங்காலடியில தரையிலயே உக்காந்துட்டா. "அத்தை, என்னாலதான். நான் தடவுன மருந்து அவரு மேல ஒட்டியிருக்குது. ஆம்பளைங்களுக்கு அது வெளியில இருந்து போனா, உள்ள ஊறறது நின்னு போயிருமாம். ஜிம்முக்குப் போறாரா, ஊசி கீசி போட்டாரான்னு கேட்டாங்க, இல்லைன்னாரு. அப்ப என் ஒடம்புல இருந்துதான் போயிருக்கோணும்னு சொல்றாங்க. நான் கையைக் கழுவினேனே அத்தை, ஒவ்வொரு நாளும் கழுவினேனே"ன்னு தலையிலயே அடிச்சுக்கறா. பூபதி அத்தனை பேருக்கு முன்னால, "என்னைய அழிச்சுட்டயேடி"ன்னு கத்துனான். ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

நான் பையை எடுத்துக்கிட்டுத் தள்ளி நின்னுக்கிட்டேன். புருசன் பொண்டாட்டி விசயத்துல நாம நடுவுல போகக் கூடாது.

ஆனா எனக்கு அப்பவே ஒண்ணு தெரிஞ்சு போச்சு கண்ணு. டாக்டரம்மா சொன்னது தப்பு. அவ ஒடம்புல இருந்து மருந்து ஒட்டுச்சாம். அவ ஒடம்புல மருந்து எங்க இருந்துச்சு, ஒட்டறதுக்கு? அதுல ஒரு சொட்டு இல்லைன்னு எனக்குத்தான் தெரியுமே. கத்தாழை ஒட்டியா ஒரு ஆம்பளைக்கு எல்லாம் நின்னு போகும்? அத்தனை படிச்சவங்க, இது கூடத் தெரியாம வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாங்க. இன்னொரு பக்கம் பாரு, ஆம்பளை மருந்து ஆம்பளையக் கெடுக்குமா? தண்ணி ஊத்துனா செடி கருகுமா? அவனுக்கு முன்னாலயே கம்மி. அவங்க ஒழுங்கா வைத்தியம் பாக்கல. நான் ஒருத்தி தேச்சுக்கிட்டு இருந்ததாலதான் அந்த ஒடம்பாவது அவனுக்கு நின்னுச்சு.

அவகிட்டச் சொல்லியிருக்கலாந்தான். உன் டப்பாவுல மருந்தே இல்லடி, நீ அழாதன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா எதுக்கு எடுத்தன்னு கேப்பா, அவனுக்குத் தெரியும், அப்பறம் அவன் எங்கிட்ட முதுகைக் காட்டி உக்காருவானா? வேண்டாம், அழுது தீத்துக்கட்டும்னு விட்டுட்டேன். சின்ன வயசு, தாங்கிக்குவா.

ஏங்கண்ணு, தண்ணி வேணுமா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சே உனக்கு. பஸ்ஸு ஒத்துக்காது போல இருக்குது.

அந்த ரெண்டு முட்டையையும் ஐஸ்ல வெச்சிருக்காங்க. மருந்து தொட்ட கையோட அவ அவன் பக்கத்துல போகக் கூடாது, கொஞ்ச காலம் விலகி இருந்தா அவனுக்குத் தானா மறுபடி ஊற ஆரம்பிச்சுரும், அப்ப இந்த முட்டைய வெளிய எடுத்துச் சேத்துக்கலாம்னு டாக்டரம்மா நம்பிக்கை சொன்னாங்க. ஜெல்லைக் குப்பையில போட்டுட்டு, அன்னைக்கே காங்கேயத்துக்கு அவிங்கம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டா சுகந்தி. அவ படுத்த பாய், தலகாணி, போத்துன போர்வை எல்லாத்தையும் தொவைச்சுக் காயப் போட்டுட்டுப் போனா. அவ சேலையெல்லாம் கூட ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டுப் போயிட்டா, அவன் கையில பட்டுரும்னு.

மூணு மாசம் கழிச்சுப் போன வாரம் பாத்தாங்க. அப்பவும் ஒண்ணுமே இல்ல. டாக்டரம்மாவுக்கே ஒண்ணும் பிடிபடல. இந்நேரம் கொஞ்சமாவது வந்திருக்கோணுமேன்னு நெத்தியச் சுருக்கிக்கிட்டு மறுபடி மறுபடி கேட்டாங்களாம், ஏதாவது தடவறீங்களா, சாப்புடறீங்களான்னு. எங்கம்மா போடற தோள் தைலத்தைத் தவிர ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லியிருக்கறான். தைலத்துல என்ன இருக்குதுன்னு விட்டுட்டாங்க. மாசியில கடைசியா ஒரு தடவை பாக்கலாம், அப்பவும் இல்லைன்னா வேற ஆளோடதை வெச்சுத்தான் செய்யோணும்னாங்க. அதைக் கேட்டுட்டுப் பூபதி, "எவனோடதோ எனக்கு வேண்டாம், மாசியில இல்லைன்னா அந்த ரெண்டையும் கொட்டிருங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டான்.

கொட்டறதாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல கண்ணு. எனக்குப் பேரன் பேத்தின்னு இருந்தா அதுதான், அந்த ஐஸ்பெட்டிக்குள்ள இருக்குது. எப்படியாவது மாசிக்குள்ள எம்பையனைத் தேத்தியாகோணும். இன்னைக்கு ஈரோட்டுக்கு வந்தது அதுக்குத்தான். பாரு, என் பைக்குள்ள, அதே ஜெல்லு, புது டப்பா. பழைய சீட்டுன்னு எங்க ஊருக் கடைத் தம்பி குடுக்க மாட்டேங்கறான்.

நேத்துப் போன் பண்ணியிருந்தா சுகந்தி. அவன் அவகூடப் பேசறதில்ல, என்கிட்டத்தான் கேப்பா. "அவரு சாப்புட்டாருங்களா அத்தை? தோள்வலி எப்படி இருக்குதுங்க?"ன்னா. அப்பறம், "எங்கையே விசமாப் போச்சுங்கத்தை, என்னால அவரைத் தொட முடியல. நீங்களாவது ஒரு நாளும் விடாம தைலம் தேச்சு விடுங்க"ன்னு சொல்லிட்டு அழறா. நானும் அழுதுட்டேன். "நீ கவலப்படாத சாமி, இனிமேக் காலையிலயும் தேச்சு விடறேன்"னு சொல்லியிருக்கறேன்.

என்ன கண்ணு? டாக்டரம்மாகிட்ட எதைச் சொல்றது? அவங்ககிட்டச் சொன்னா நிறுத்துன்னுதான் சொல்லுவாங்க. இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது, இப்பப் போயி நிறுத்துவாங்களா?

கைய விடு கண்ணு, எதுக்கு இப்படி இறுக்கிப் புடிக்கற? நான் எறங்கோணும். அவன் பட்டறையில இருந்து வர்ற நேரமாச்சு.